நோராம்மாவின் கட்டுத்தறி

தென்காசி பெண்கள் பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர் மிஸ் நோரா பிரௌன்லியை 1929-ஆம் வருஷம் ஜூலை மாதம் மூன்றாம் தேதியிலிருந்து ரயில் ஏற்றிக்கொள்ளவில்லை. அவள் டிக்கெட் வாங்கினாள், பெட்டியில் ஏறினாள், ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். கார்டு பச்சைக்கொடி காட்டினார், வண்டி நகர்ந்தது. அவள் ட்ரங்குப் பெட்டி காலடியில் இருக்க, பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த மாதத்தில் ஐந்து முறை ஏறிப் பார்த்தாள், ஐந்து முறையும் அப்படியேதான் நடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு புகையிலை வியாபாரி, அம்மா இறங்கியதைத் தான் பார்க்கவில்லை என்றும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் காலியாகிவிட்டது என்றும், அந்த இடத்தில் தன் மூட்டையை வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். பயணம் செய்யப்படாத ஐந்து டிக்கெட்டுகளை என்ன செய்வது என்று ஸ்டேஷன் மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அவர் கொல்லத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

நோரா வந்து இறங்கியது 1926 ஜூன் கடைசியில். சாரல் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு மீன்பிடி ஊர்க்காரி. தாய் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதினேழு வயதுத் தங்கை கிரேஸை அத்தை வீட்டில் விட்டு, மூன்றே வருஷம், முடிந்த மறுநாளே கப்பல் ஏறி வந்துவிடுவேன், பிறகு அம்மா இருந்த வீட்டில் நாம் இருவரும் இருப்போம் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவளை வரவழைத்தவர் சிவசைலம் பிள்ளை. நூறு கோட்டை விதைப்பாடு நிலம் உள்ளவர். மகள் படிக்காமல் கட்டிக்கொடுக்கப்பட்டு ஒரு வருஷத்துக்குள் முதல் பிரசவத்துக்கு முன்பே செத்துப்போன பிறகு, தன் அப்பா காலத்து நெல் கிட்டங்கியைக் காலி செய்து, சாணி மெழுகி, கரும்பலகை மாட்டிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆக்கினார். வெள்ளைக்கார டீச்சர் வந்தால்தான் மற்ற வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. முதல் நாளே நாற்பது பிள்ளைகள் வந்தார்கள்.

வந்த பிள்ளைகள் டீச்சர் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னார்கள். அவள் இருமினால் நாற்பது பேரும் இருமினார்கள். அவள் சாப்பிடுவதைப் பார்க்க ஜன்னலில் ஆட்கள் நின்றார்கள், வாய்க்குள் போவது வரை பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். குழம்பு வாயைப் பொசுக்கியது. சாரலில் துணி காயவில்லை, செருப்பில் பூஞ்சணம் பூத்தது. கதவைத் தட்டிவிட்டு வருகிற பழக்கம் ஊரில் யாருக்கும் இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து அவள் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் வாசற்படியில் உட்கார்ந்து ஸ்டேஷன் ரோட்டையே பார்த்துக்கொண்டு அழுவாள். கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. இந்தப் பெண் தீபாவளியைப் பார்க்கமாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அவளுக்குச் சமையலும் துணையுமாக இருந்தவள் முப்பிடாதி. வண்டிக்காரன் சுடலையாண்டியின் மனைவி. பிள்ளை இல்லாதவள், மாடுகளை வளர்த்தவள். வெளியூர்ச் சந்தையில் வாங்கிவந்த காளை தீனி எடுக்காமல், வந்த திசையைப் பார்த்து நின்று கண்ணீர் விட்டால் என்ன செய்வது என்று அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வால் நுனியில் ஒரு கொத்து மயிரைக் கத்தரித்து, மஞ்சள் துணியில் முடிந்து, கட்டுத்தறி முளைக்குக் கீழே புதைத்து, இதுதான் ஒன் வீடு என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். விடிந்தால் காளை தவிட்டுத்தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். பழைய தொழுவத்தை மறந்துவிடும். விற்கும்போது தோண்டியெடுத்து வாங்குகிறவன் கையில் கொடுத்துவிட்டால் சரியாகப் போயிற்று. இதில் பாவம் எதுவும் கிடையாது. மாட்டுக்கும் நிம்மதி, மனுஷனுக்கும் நிம்மதி.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி நோராவை வண்டியில் ஏற்றி ஐந்தருவிக்குக் கூட்டிப்போய், எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்க வைத்து, திரும்பி வந்ததும் தலை சீவிவிட்டாள். சீப்பில் ஒரு சுருள் பொன்னிற முடி வந்தது. அதை மஞ்சள் துணியில் முடிந்தாள். டீச்சருக்குக் கட்டுத்தறி எது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வகுப்பறையில் அவள் நாற்காலி போடுகிற இடத்தில் ஒரு சாண் தோண்டிப் புதைத்து மெழுகினாள். அவள் செய்த பிழை ஒன்றுதான். மாட்டு மயிர் கத்தரித்தது, அதற்கு வேர் கிடையாது. சீப்பில் வந்த முடிக்கு வேர் உண்டு. அதுவும் சாரல் மாதத்தில், ஐம்பது வருஷம் நெல் கொட்டி வைத்திருந்த மண்ணில் புதைத்துவிட்டாள். வேரோடு இருப்பதை மண்ணில் வைத்தால் என்ன ஆகும் என்று விவசாயம் செய்கிற ஊரில் ஒருத்திக்குத் தோன்றாமல் போனதை என்னவென்று சொல்வது.

மறுநாள் காலையில் நோரா இரண்டாவது தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த மாதம் கையால் பிசைந்து சாப்பிட்டாள். பொங்கலுக்குள் தமிழ் வந்துவிட்டது, அதுவும் முப்பிடாதியின் தமிழ். வகுப்பில், "ஏட்டி, அங்கன என்ன பேச்சு? இங்கன பாரு," என்று அதட்டினாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படித்தார்கள், நன்றாகவும் படித்தார்கள். ஊருக்கு அவள் நோராம்மா ஆனாள். இரண்டாவது வருஷம் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் இறைத்த வாளியோடு ஆறு முழ நீளத்தில் பொன்னிற முடி ஒன்று வந்தது. மூன்றாவது வருஷம் குத்துக்கல்வலசையில் உழுத கலப்பையில் ஒரு கற்றை சிக்கியது. உழுதவன் அரிவாளால் அறுத்தான். அதே நேரத்தில் வகுப்பறையில் நோரா மூக்கில் ரத்தம் வழிய நாற்காலியிலிருந்து சரிந்தாள். யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, முப்பிடாதியைத் தவிர. அவள் அன்று முழுவதும் சோறு பொங்கவில்லை.

மூன்று வருஷக் கெடு முடிந்து, ரயில் ஐந்தாவது முறையும் நோராவை விட்டுவிட்டுப் போனபோது, சுடலையாண்டி அவளை வண்டியில் வைத்து மலைப்பாதை வழியாகக் கொண்டுபோகப் பார்த்தான். குற்றாலம் விலக்கு ரோடு வரை பின்னால் அவள் பேச்சுக் குரல் கேட்டது. செங்கோட்டை போய்ச் சேர்ந்தபோது வண்டி காலியாக இருந்தது. நோரா வகுப்பறையில் தன் நாற்காலியில் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அன்று முப்பிடாதி அவள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க செத்துருவீகன்னு பயந்துட்டேன் தாயி. மாட்டுக்குச் செய்யுதத செஞ்சுட்டேன். எடுத்துருதேன், இப்பவே எடுத்துருதேன்."

நோரா கோபப்படவில்லை. எடுங்கள் என்று மட்டும் சொன்னாள். சுடலையாண்டி நாற்காலியை நகர்த்திவிட்டுத் தோண்டினான். மஞ்சள் துணி மக்கிப் போயிருந்தது. அதிலிருந்து முடி கிளம்பி, நான்கு பக்கமும், கைத்தடிமன் கற்றைகளாகப் போயிருந்தது. எந்தப் பக்கம் தோண்டினாலும் முடிவு தெரியவில்லை. மண்வெட்டி ஒரு கற்றையை உரசியதும் நோராவின் காதிலிருந்து ரத்தம் வந்தது. அவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். விஷயம் தெரிந்து சிவசைலம் பிள்ளை வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நோரா எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார். ஆனால் அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தின் முதல் மூன்று பெண்கள் தேறி, ஒருத்தி திருநெல்வேலியில் நர்சு வேலைக்கும் இரண்டு பேர் டீச்சர் ட்ரெயினிங்குக்கும் போயிருந்தார்கள்.

"வெட்டுனா டீச்சரம்மா உயிருக்கு ஆபத்து. அப்படியே கெடக்கட்டும்," என்றார். "மூடிருங்கலே."

சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குப் பின்னால் ஒரு நிம்மதி இருந்ததை நோரா பார்த்துவிட்டாள். ஊரில் மற்றவர்கள் முகத்திலும் அதே நிம்மதியைத்தான் அன்று மாலை பார்த்தாள். அந்த வாரமே தரையில் சுண்ணாம்புக் காரை போட்டுத் தளம் பாவிவிட்டார்கள். நிலத்தில் பொன்னிற முடி தட்டுப்பட்டால் அறுக்கக் கூடாது, விலக்கிவிட்டு வேலை செய்ய வேண்டும் என்று சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் தமுக்கடித்துச் சொன்னார்கள்.

கிரேஸுக்கு நோரா கடிதம் எழுதினாள். ரயில் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை என்று எழுதினாள். முடியைப் பற்றி எழுதவில்லை. தன்னை ஒரு காளையைப் போலக் கட்டிவிட்டார்கள் என்று எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முப்பிடாதியைப் பற்றித் தங்கை தப்பாக நினைத்துவிடுவாளே என்றும் இருந்தது. உன் வேலை முடியட்டும், காத்திருக்கிறேன் என்று கிரேஸ் பதில் போட்டாள். இப்படியே வருஷங்கள் போயின. நோராவுக்குச் சாப்பாடு, தூக்கம், ஊர்ப்பேச்சு எதிலும் குறை இல்லை. ஆனால் மறந்துகொண்டு வந்தாள். முதலில் கடல் வாசனை போயிற்று. பிறகு தெருக்களின் பெயர்கள். பிறகு அம்மா பாடிய பாட்டுகள். 1933-இல் ஒரு காலை எழுந்தபோது அம்மாவின் முகம் இல்லை. அலமாரியில் இருந்த புகைப்படத்தை எடுத்துப் பார்த்தாள். கழுத்துவரை எல்லாம் இருந்தது, சட்டையில் குத்தியிருந்த ப்ரூச் ஊசி இருந்தது, முகம் இருந்த இடம் வெளுத்திருந்தது. சாரல் ஈரம் என்றார்கள். அதற்குப் பிறகு எல்லாக் கடிதத்திலும் அவள் தங்கையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அம்மாவின் மூக்கு எப்படி இருக்கும், சிரித்தால் எந்தப் பக்கம் குழி விழும், எழுது. கிரேஸ் பக்கம் பக்கமாக எழுதினாள். நோரா படித்தாள். வார்த்தைகள் புரிந்தன, முகம் வரவில்லை. இனி அந்த முகம் உலகத்தில் இருப்பது கிரேஸ் ஒருத்தியிடம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த எண்ணம் மட்டும்தான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அக்காவுக்கு வெயிலில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டி, கையோடு அழைத்துப்போக, 1936 ஜூலையில் கிரேஸே கிளம்பி வந்துவிட்டாள். அவள் கொழும்பில் இறங்கித் தந்தி கொடுத்த பிறகுதான் நோராவுக்குத் தெரியும். தடுக்க நேரம் இல்லை. இருபத்தேழு வயது, இடுப்பு வரை முடி, அக்காவுடையதைவிட அடர்த்தி. சிவசைலம் பிள்ளை நாதஸ்வரத்தோடு ஸ்டேஷனுக்கு வந்து மாலை போட்டார். கிரேஸ் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபோது ஒரு கன்னத்தில் குழி விழுந்தது. அது யாருடைய குழி என்று நினைவுக்கு வராமல் நோரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முப்பிடாதி நோராவை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். "தாயி, பள்ளிக்கூடத்துல ரெண்டாவது நாற்காலி போட்டிருக்காவ. அதுக்கு அடியில மட்டும் காரையப் பேத்திருக்கு. எங்கிட்ட வந்து மொறை என்னன்னு கேட்டாவ. நான் சொல்லல. ஆனா ஊருக்கே தெரியும்லா."

"யாரு கேட்டா?"

"எல்லாருந்தான் கேக்காவ."

நோரா போய்ப் பார்த்தாள். புது நாற்காலி, தேக்கு. வார்னிஷ் இன்னும் காயவில்லை. அதன் கீழே ஒரு சாண் அளவுக்குக் கறுப்பு மண் தெரிந்தது, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள்.

அன்று பகல் முழுவதும் பெண்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். ஒருத்தி நல்லெண்ணெய் கொண்டுவந்தாள், ஒருத்தி சீயக்காய், ஒருத்தி தந்தச் சீப்பு. தங்கச்சிக்குத் தலை சீவிவிடுகிறோம் என்றார்கள். எல்லோரும் பிரியமாகத்தான் கேட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் நோரா எழுத்து சொல்லிக் கொடுத்த பிள்ளைகளின் தாய்மார்கள், மீதிப்பேர் அந்தப் பிள்ளைகளே. நோரா எல்லோரையும் வாசலோடு திருப்பி அனுப்பினாள். கிரேஸ் தலையில் ஒரு துணியைக் கட்டி, தலைக்குக் குளிக்கக் கூடாது, அருவிப் பக்கம் போகக் கூடாது, ஜலதோஷம் வரும் என்றாள். மூன்று நாளும் விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலிட்டு அறையைத் தடவி, தலையணையிலும் பாயிலும் சீப்பிலும் உதிர்ந்திருந்த முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு கடித உறைக்குள் போட்டாள். கிரேஸ் நடந்துபோன இடத்திலெல்லாம் முப்பிடாதி பின்னாலேயே குனிந்துகொண்டு போனாள்.

இரண்டாம் நாள் கிரேஸ் அக்காவை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனாள். பெட்டியில் பக்கத்தில் உட்கார வைத்து அவள் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. கிரேஸின் கைகளுக்குள் ஒன்றும் இல்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டி பிடித்து மாலையில் திரும்பி வந்தவள், அக்கா எழுதியதெல்லாம் உண்மைதான் என்று சொல்லி அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ வர முடியாவிட்டால் என்ன, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன், பிள்ளை ஒரு நாற்காலி கூடப் போட்டு வைத்திருக்கிறாராமே என்றாள்.

நோராவின் மனதில் அந்த ஒரு கணம் வந்த சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. பத்து வருஷம் தனியாக இருந்தவள். கேட்ட உடனே மனம் சரி என்றுதான் சொல்லிற்று. சரி என்றால், நாளைக்கு யாராவது ஒருத்தி கையில் ஒரே ஒரு முடி கிடைத்தால் போதும். கிரேஸ் நன்றாகச் சாப்பிடுவாள், தமிழ் பேசுவாள், சிரித்துக்கொண்டு இருப்பாள். ஏழு வருஷத்தில் அம்மாவின் முகம் எங்கும் இருக்காது. உண்மையைச் சொல்லலாம் என்றால் அதிலும் ஆபத்து இருந்தது. கிரேஸின் சுபாவம் அவளுக்குத் தெரியும். அக்காவுக்கு நேர்ந்தது தனக்கும் நேரட்டும் என்று அவளே முப்பிடாதியின் முன்னால் தலையை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நோரா தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள். நீ இங்கே இருப்பதில் எனக்கு விருப்பம் இல்லை என்றாள். ரயில் ஏற்றாதது எனக்கு வசதியாகத்தான் போயிற்று என்றாள். அம்மாவின் நோய்ப்படுக்கை, மருந்து வாசனை, எப்போதும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்த நீ, எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துத்தான் கப்பல் ஏறினேன், இப்போது இங்கேயும் வந்து நிற்கிறாயே என்றாள். அதில் பாதி உண்மையாக இருந்தது. அதனால்தான் கிரேஸ் நம்பினாள். எழுந்து துணிகளை மடிக்கத் தொடங்கினாள். மறுநாள் விடிகாலை அவள் முகம் கழுவப் போன நேரத்தில் நோரா அந்த உறையை ட்ரங்குப் பெட்டியின் அடியில், விரிப்புக் காகிதத்துக்குக் கீழே செருகினாள். முப்பத்தேழு முடிகள். தென்காசி மண்ணில் ஒன்றுகூட விடவில்லை.

காலை வண்டிக்குச் சுடலையாண்டி அவர்களைக் கொண்டுபோனான். வழியில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஸ்டேஷனில் சிவசைலம் பிள்ளை குடையோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர், எல்லோரும் தெரிந்த முகங்கள், பெட்டிக்கும் கிரேஸுக்கும் நடுவில் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தங்கச்சி இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டுமே டீச்சரம்மா," என்றார் பிள்ளை. "வந்த பிள்ளைய அப்படியே அனுப்புதது மொறையா?"

"அவ போவட்டும் அண்ணாச்சி," என்றாள் நோரா. "நான் இருக்கேன்லா. எங்கயும் போக மாட்டேன்லா."

பிள்ளை குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கினார். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். கிரேஸ் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் நோரா, இந்தத் தடவை ஏறிப் பார்க்காமலே, தானாகவே நின்றுகொண்டிருந்தாள். அந்த வாரம் இரண்டாவது நாற்காலியைப் பிள்ளை தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார், அடியில் பேர்த்த இடத்தைக் காரை வைத்து அடைத்தார்கள்.

அக்டோபரில் கிரேஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லை. நான்கே வரி. பெட்டியைக் காலி செய்யும்போது உறையைப் பார்த்தேன். உதிர்ந்த முடியைக்கூட உன் வீட்டில் வைத்துக்கொள்ள உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். அம்மாவின் முகம் எனக்கு நேற்றுப் பார்த்தது போல நினைவிருக்கிறது. இனி அதை உனக்கு எழுதமாட்டேன்.

நோரா நின்றுகொண்டே படித்தாள். மூன்றாவது வரியை விரலால் தொட்டுத் தொட்டு இன்னும் பலமுறை படித்தாள். முப்பிடாதி அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன தாயி, தங்கச்சி என்ன எழுதியிருக்கா?"

"அவளுக்கு ஞாபகம் இருக்காம்க்கா."

"எது?"

"எங்க அம்மை மொகம்," என்றாள் நோரா. கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். மணி அடித்ததும் வகுப்புக்குப் போனாள், அன்று மூன்றாம் பாரத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. ஆய்க்குடி வயல்களில் நடவுக்குப் போன பெண்கள், சேற்றில் காலைச் சுற்றிய முடிகளை அறுக்காமல் விலக்கிவிட்டு நாற்று நட்டார்கள். அவற்றில் சில நரைத்திருந்தன.